மெழுகு போட்ட வராந்தா

அத்தியாயம் 14

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கருத்தம்மா கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கஞ்சி யாருக்கு என்று உக்கிரபாண்டி கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

நாலு நாளாக வீடு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீர் நேரத்துக்கு வந்தது. சட்டை தேய்த்து ஆணியில் தொங்கியது. 'சாப்பிட வாங்க', 'தண்ணி வச்சிருக்கேன்' என்ற இரண்டு பேச்சும் தவறாமல் வந்தன. மூன்றாவதாக ஒரு பேச்சு வரவில்லை.

போன வியாழக்கிழமை நடந்ததில் ஊருக்குத் தெரிந்தது ஒன்று, உள்ளபடி நடந்தது இன்னொன்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் ரோட்டின் மேல் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் கருத்தம்மா ஒன்பது வருஷமாக ஆயா. உக்கிரபாண்டி பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ரிட்டயர்டு ஆனவர். ஒரு மில்லில் வாட்ச்மேனாகக் கொஞ்ச நாள் இருந்து பார்த்தார்; பிடிக்கவில்லை. பிறகு கருத்தம்மாதான் இல்லத்துச் செயலாளரிடம் சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன்பு அவரை அங்கே சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்டாள்.

இல்லத்தின் நடுவே நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு அறைகள். குளிக்கப் போவதும், சாப்பிடப் போவதும், வாசல் வேப்ப மரத்தடிக்குக் காற்று வாங்கப் போவதும் அந்த வராந்தா வழியாகத்தான். கருத்தம்மா அதை ஒருநாளும் ஒரேயடியாகத் துடைக்க மாட்டாள். இடது பாதியைத் துடைத்து, அது காய்ந்த பிறகுதான் வலது பாதி. நாலு அறைக்கு ஒரு நாற்காலி, மூச்சு வாங்கினால் உட்கார. சுவரோடு சுவராக இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி, பிடித்துக்கொண்டு நடக்க. சிவப்பு சிமெண்ட் தரை மங்கிப் போய்த்தான் கிடக்கும். ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் அங்கே ஒருவரும் விழுந்ததில்லை.

உக்கிரபாண்டிக்கு அந்தத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் கண் உறுத்தியது. தரை என்றால் முகம் தெரிய வேண்டாமா? வியாழக்கிழமை மதுரையிலிருந்து நன்கொடையாளர்கள் வருகிறார்கள் என்றதும் அவருக்குள் இருந்த ஹவில்தார் எழுந்துகொண்டார். புதன்கிழமை சாயங்காலம் மண்ணெண்ணெயில் மெழுகைக் கரைத்து, தேங்காய் எண்ணெயும் சேர்த்து, தன் கையாலேயே தரை முழுக்கத் தேய்த்தார். நாற்காலிகளை ஸ்டோர் ரூமில் அடுக்கினார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பிக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, சிலேட்டில் 'தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டினார்.

"வயசானவிய நடக்குற தரை. வழுக்கும்," என்றாள் கருத்தம்மா.

"நீ ஆயாவா, நான் ஆயாவா? உன் வேலையைப் பாருட்டி."

வியாழன் காலை பத்தே காலுக்கு விருந்தினர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பதினோராம் நம்பர் அறை பாலம்மாள் வராந்தாவின் நட்டநடுவில் விழுந்தாள். இடுப்பு எலும்பு.

செயலாளர் சுயம்புலிங்கம் பதறிப் போய், "யார் பொறுப்பு? இதுக்கு யார் பொறுப்பு?" என்று கத்தினார்.

உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். "டியூட்டி ஆயா எங்க போனா? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்னு தெரியாதா?" என்று பட்டாளத்துக் குரலில் வந்தது. டியூட்டி ஆயா யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

கருத்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, "ஆமாய்யா, எம்மேலதான் தப்பு," என்றாள்.

அன்று சாயங்காலமே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பா."

இப்போது கஞ்சி வாளிக்குப் பக்கத்தில் மகள் வெள்ளத்தாய் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துவிட்டு, படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே வேலை பார்த்தாள். இல்லத்துக் கடிதங்களையெல்லாம் சுயம்புலிங்கம் அவளிடம்தான் டைப் அடிக்கக் கொடுப்பார்; ஆபீசில் ஒரு டைப்ரைட்டர் இருந்தும் அவருக்குத் தட்ட வராது.

"செயலாளர் சார் சனிக்கிழமை குடுத்தாரு. நீங்க கையெழுத்துப் போடணுமாம்."

உக்கிரபாண்டி வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்துகள் வரிசையாக, ஓர் அடித்தல் இல்லாமல் இருந்தன. 'பணியில் இருந்த ஆயா திருமதி கருத்தம்மாவின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று மேற்பார்வையாளர் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே அவர் பெயர். அதற்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நீயா அடிச்ச?"

"பொறவு யாரு அடிப்பா?" வெள்ளத்தாயின் குரல் கம்மியது. அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பெத்த அம்மா பேரைப் போட்டு, கவனக்குறைவுன்னு நானே அடிக்க வேண்டியிருக்கு. இன்ஸ்டிட்யூட்ல அம்புட்டுப் பேரும் பாக்காங்க. செத்த நேரம் கூடவே போயி அந்தப் பாட்டியைப் பிடிச்சுக்கிடக் கூடாதாம்மா? அப்பா வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அவிய பேரும்ல சேர்ந்து கெட்டுப் போச்சு?"

கருத்தம்மா தூக்குவாளியைத் துணிப்பைக்குள் வைத்தாள். "ஆமாத்தா," என்றாள். அவ்வளவுதான்.

உக்கிரபாண்டிக்குக் காது இரண்டும் எரிந்தது. 'ஏட்டி, அம்மாவை ஏசாதே' என்று சொல்வதற்கு நாக்கு எழுந்தது. அதைச் சொன்னால் அடுத்து இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பு மாட்டும்போது வார் இரண்டு தடவை நழுவியது.

"கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுக் கருத்தம்மா அவருக்கு முன்னால் படியிறங்கினாள். கடைத்தெருவுக்கு எதற்குக் கஞ்சி என்று யாரும் கேட்கவில்லை.

*

இல்லத்தின் வராந்தா இன்னமும் பளபளத்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் நீளமாக விழுந்து கிடந்தது. போன வாரம் வரை அவர் ஆசைப்பட்டது இதைத்தான்.

வராந்தாவில் ஆள் நடமாட்டமே இல்லை. காப்பி நேரம். எப்போதும் இந்நேரம் டம்ளரும் கையுமாகச் சாப்பாட்டு அறைக்கு வரிசை போகும். இன்று அறை வாசல்களில் ஒவ்வொருவராக நின்றுகொண்டிருந்தார்கள். சமையல்காரி பரிபூரணம் ஒவ்வோர் அறையாகக் காப்பி கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், இவிய எல்லாரும் வரலையா?"

"பயப்படுறாவ," என்றாள் பரிபூரணம். அவர் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டாள்.

ஏழாம் நம்பர் அறை குருசாமிக்குக் கக்கூசுக்குப் போக வேண்டும் போலிருந்தது. கூட்டுறவு பண்டகசாலையில் வேலை பார்த்தவர், எழுபத்தெட்டு வயது. தோளில் இருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். அதன் மேல் இரண்டு காலையும் வைத்தார். பிறகு இன்னொரு துண்டை முன்னால் விரித்தார். அதன் மேல் ஏறி, பின்னால் கிடந்ததைக் குனிந்து எடுத்து முன்னால் போட்டார். ஒவ்வொரு தடவை குனியும்போதும் சுவரில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டார். இடுப்பு உயரத்தில் கம்பி பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

உக்கிரபாண்டி ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தார். "ஐயா, கம்பியைப் பிடிச்சுக்கிட வேண்டியதுதானே?"

குருசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையனின் பார்வை அது.

"பிடிச்சுக்கிடலாமாய்யா? தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கே."

சிலேட்டு இன்னமும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெயிண்ட் வியாழக்கிழமை மத்தியானமே காய்ந்துவிட்டது. இனிமேல் தொடலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாலு நாளாகப் பதினேழு பேர் சுவரில் நகத்தை ஊன்றியும் துண்டை விரித்தும் நடந்திருக்கிறார்கள். பாதிப் பேர் நடக்கவே இல்லை.

உக்கிரபாண்டி சிலேட்டைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பிடிச்சுக்கோங்கய்யா. எல்லாரும் பிடிச்சுக்கோங்க," என்றார். வராந்தாவின் கடைசி அறை வரைக்கும் கேட்கிற அவருடைய குரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

ஆபீஸ் அறையில் சுயம்புலிங்கம் காத்திருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், சண்டை சச்சரவு என்றால் மட்டும் ஆகாது.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா உக்கிரபாண்டி? பாலம்மாளோட மகன் ஐயாதுரை ஆலங்குளத்துல சிமெண்ட் பேக்டரியில வேலை பார்க்குறாரு. சாயங்காலம் இங்க வந்து கேள்வி கேக்கப் போறேன்னு போன் பண்ணிட்டாரு. 'கவனக்குறைவா இருந்த ஆயாவை நிப்பாட்டியாச்சு'ன்னு இந்தத் தாளைக் காட்டினா மனுஷன் அடங்கிருவாரு. உங்க வீட்டம்மாங்கிறதால எனக்கும் சங்கடம்தான். என்ன செய்ய? அவங்களே ஒத்துக்கிட்டாங்களே."

உக்கிரபாண்டி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தாளின் கீழ்ப்பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார். மகள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தம்மாவை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து போடுறேன் சார்."

"இன்னுமா நீங்க போய்ப் பாக்கல?" என்றார் சுயம்புலிங்கம் ஆச்சரியமாக.

உக்கிரபாண்டி தாளை மடித்து மறுபடியும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

*

ஆடிப்பூரம் நெருங்கிவிட்டதால் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ராஜபாளையம் போய்ச் சேருகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் கை இறுகியது. பிடிக்க ஒன்று இருந்தது, பிடித்துக்கொண்டார். இப்படி நினைத்ததும் கையை எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. பாலம்மாளின் அறையை விசாரித்துக்கொண்டு போனவர் வாசல் திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஓர் ஆண் குரல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"உங்களை நம்பித்தானே விட்டோம்? நான் ஷிப்டுக்குப் போறவன், என் வீட்டுக்காரிக்கும் உடம்புக்கு முடியல. வேற வழியில்லாமத்தான் கொண்டாந்து விட்டேன். ஒரு நிமிஷம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர உங்களுக்கு வலிச்சுதா? தெனம் கஞ்சி கொண்டாந்து குடுத்தா எல்லாம் சரியாப் போயிருமா?"

பதில் சொன்ன குரல் கருத்தம்மாவுடையது. "இல்லதான். சரியாப் போகாது."

அப்படியானால் கஞ்சி இங்கேதான் வந்திருக்கிறது. நாலு நாளும் வந்திருக்கிறது. நாலு நாளும் இந்த ஏச்சையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அவருக்கு வெந்நீர் வைத்திருக்கிறாள்.

உக்கிரபாண்டிக்குக் கால் பின்னால் போகத் துடித்தது. ஒருவரும் பார்க்கவில்லை. மாடிப்படி இரண்டு எட்டில் இருந்தது. பதினேழு வருஷத்தில் ஒருநாளும் புறமுதுகு காட்டாதவன் என்று கடைத்தெருவில் மார்தட்டுகிற மனுஷர், திரைக்கு இந்தப் பக்கம் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏலே ஐயாதுரை, வாயை மூடு." பாலம்மாளின் குரல். முப்பது வருஷம் மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். படுக்கையில் கிடந்தும் குரல் இளைக்கவில்லை. "அந்தப் பிள்ளையை ஏசாதே. அவ என்ன செய்வா? பக்கத்து ரூம்புல சீக்காளி ஒருத்திக்குப் பீத்துணி மாத்திக்கிட்டு இருந்தா. நானாத்தான் கெளம்பி வந்தேன். காலை வச்சதுமே தெரிஞ்சு போச்சு, எண்ணெய்த் தரைன்னு. மில்லுல எம்புட்டுப் பாத்திருக்கேன்! எண்ணெய் கொட்டுனா உடனே மரத்தூளை அள்ளிப் போட்டுருவோம். இங்க மரத்தூளுக்கு எங்க போறது? சரின்னு கம்பியைப் பிடிக்கப் போனேன்."

"பொறவு ஏன் பிடிக்கல?"

"அந்த மிலிட்டரிக்காரரு காலையில ஒவ்வொரு ரூம்பா வந்து சத்தமாச் சொன்னாரே, 'ஒருத்தரும் தொடக்கூடாது, பெயிண்டு போயிரும், பெரிய மனுஷங்க வராங்க'ன்னு. நெனப்பு வந்துச்சு. கையை எடுத்துட்டேன். எடுத்தேன், விழுந்தேன்."

உக்கிரபாண்டி திரையை விலக்கவில்லை. காற்றுதான் அதை விலக்கியது. பாலம்மாள் பார்த்துவிட்டாள்.

"இந்தா, அவியளே வந்துட்டாவளே!" அவள் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ஒரு காலில் எடை கட்டிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். எழுந்திருக்க முடியாமல் வலது கையை மட்டும் தூக்கினாள். "வாங்கய்யா. கோவிச்சுக்கிடாதிய. ஒத்த விரலு பட்டுருச்சு. கையை எடுக்குறதுக்குள்ள பட்டுருச்சு. பெயிண்டு கெட்டுப் போச்சாய்யா?"

நடுவிரல் நுனியில், நகத்துக்கு ஓரமாக, வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. நாலு நாளில் யாரோ துடைத்திருக்கிறார்கள், முழுக்கப் போகவில்லை.

உக்கிரபாண்டி குண்டு விழுகிற இடத்தில் நின்றிருக்கிறார். கூட நின்றவன் செத்து விழுந்ததைப் பார்த்திருக்கிறார். இந்த மாதிரி உடம்பு முழுக்கச் சுருங்கி, நிற்கிற இடம் போதாமல் போனது இதற்கு முன்னால் நடந்ததில்லை. விழுந்து இடுப்பு முறிந்தவள் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

"தரைக்கு மெழுகு போட்டது நான்தான்," என்றார்.

ஐயாதுரை திரும்பினான்.

"இவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல. நாற்காலியை எடுத்தது, கம்பியைத் தொடக்கூடாதுன்னது, எல்லாம் நான்தான். இவ மேல ஒரு தப்பும் கெடையாது."

ஐயாதுரை கை ஓங்குவான் என்று நினைத்தார். ஓங்கினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். அவன் கருத்தம்மாவைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"நாலு நாளா இந்த அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டு இருக்கேன். நாலு நாளா நீங்க எங்கய்யா இருந்திய?"

"வீட்டுல," என்றார் உக்கிரபாண்டி.

கருத்தம்மா தூக்குவாளியைச் சாய்த்தாள். மிச்சக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துப் பாலம்மாளின் வாயருகே கொண்டு போனாள்.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. கருத்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உக்கிரபாண்டி நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார். தூரத்து மலையின் மேல் மேகம் இறங்கியிருந்தது. அய்யனார் கோவில் பக்கம் மழை போலிருந்தது.

"எனக்காகத்தானே அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "என் மானம் போயிரக் கூடாதுன்னு..."

"இல்ல," என்றாள் கருத்தம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'டியூட்டி ஆயா எங்க'ன்னு கேட்டிய. அம்புட்டுப் பேரு முன்னால வாய் தவறிட்டுன்னு நெனச்சேன். நான் ஆமான்னு சொல்லிட்டா, உடனே நீங்க 'இல்ல, அவ இல்ல, நான்தான்'னு சொல்லிருவியன்னு நெனச்சேன். நீங்க சொல்றதுக்கு ஒரு வழி விட்டேன். அம்புட்டுதான்."

கண்டக்டர் விசில் ஊதினார். யாரோ கூடையோடு இறங்கினார்கள்.

"நீங்க சொல்லல. சரி, சாயங்காலம் சொல்லுவியன்னு இருந்தேன். பொறவு மறுநாளு. இன்னைக்குக் காலையில நம்ம பிள்ளை என்னைய அப்படிக் கேக்கையிலயாவது சொல்லுவியன்னு பாத்தேன். காகிதத்தை மடிச்சுப் பையில வச்சிய."

இருபத்தோரு வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது குறைவு. இப்போதும் எதிர்த்துப் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தபோது பஸ்ஸில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் கையைத் தூக்கவில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லு," என்றார்.

"வராந்தாவைப் பழையபடி ஆக்கணும். அது உங்க வேலை. நான் வேலைய விட்டு நின்னவ."

*

சுயம்புலிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"இதை இப்பச் சொல்றீங்களே உக்கிரபாண்டி! மெழுகு போடுறதுக்கு நானும்தான் சரின்னு தலையாட்டினேன். மெழுகுச் செலவுக்கு நான்தான் சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். மதுரைக்காரங்க காதுக்குப் போச்சுன்னா வருஷா வருஷம் வர்ற உதவி நின்னு போகும். இருபது பேரு சாப்பாடு." குரலைத் தாழ்த்தினார். "ஆயா பேரோட முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது. கொஞ்ச நாள் கழிச்சு நானே அவங்களை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டுக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

இவரும் அன்றைக்கு அந்த வராந்தாவில் தன் பங்கைச் சொல்லாமல் நின்ற மனுஷர்தான். உக்கிரபாண்டிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நாலு நாளாகத் தானும் இதே கணக்கைத்தானே போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மரக்கடையிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வராந்தாவின் கோடியில் முழங்காலிட்டார். முதலில் மரத்தூளைத் தூவித் தேய்த்தார். அது எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. கூட்டி அள்ளிவிட்டு, சோடா உப்புக் கரைத்த வெந்நீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தார்.

"பாதி பாதியா," என்றாள் கருத்தம்மா. அவள் வாசலில் நின்றாள்; உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "மறுபாதியில மரத்தூள் கெடக்கட்டும். அதுல நடந்துக்கிடுவாவ. துடைச்சது காயுற வரைக்கும் அந்தப் பக்கம் கயிறு கட்டுங்க."

கயிறு கட்டினார். ஸ்டோர் ரூமிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார். எங்கெங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு அறைக்கு ஒன்று என்று நினைத்து வைத்தார்.

"அதை இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போடுங்க," என்றார் குருசாமி அறை வாசலிலிருந்து. "நான் அங்கதான் மூச்சு வாங்க நிப்பேன்."

தள்ளிப் போட்டார். அறை வாசல்களில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. 'நல்லா வேணும்' என்று ஒருத்தராவது சொன்னால் முதுகு கொஞ்சம் லேசாகும் போலிருந்தது. அவர்களோ, சூப்பர்வைசர் ஐயா முழங்காலில் நிற்பதைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மணி ஐந்து இருக்கும். ஏழாம் நம்பர் அறை வரைக்கும் வந்திருந்தார். முழங்கால் தோல் உரிந்து சோடா உப்பு எரிந்தது. வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்டது. டைப் அடிக்க வேண்டிய கடிதங்களை வாங்கிப் போக வெள்ளத்தாய் வந்திருந்தாள்.

"அப்பா! நீங்க ஏன்பா இதைச் செய்யுதிய? ஆள் இல்லையா?" என்று ஓடி வந்தவள், கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். "இவ ஏன் இங்க நிக்கா?"

உக்கிரபாண்டி நாரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார், உரிந்த முழங்கால் நிமிரவில்லை. கீழே இருந்தபடியே சொன்னார். மெழுகிலிருந்து சிலேட்டு வரைக்கும், வியாழக்கிழமை அவர் வாயிலிருந்து வந்த பேச்சு வரைக்கும், எதையும் விடாமல் சொன்னார். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அவளுடைய செருப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

வெள்ளத்தாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நான் அம்மாவை அப்படிப் பேசுனப்போ, நீங்க அங்கனதானப்பா இருந்திய?"

"இருந்தேன்."

"நான் அடிச்ச தாளைக் கையில வச்சுக்கிட்டுத்தான இருந்திய?"

"ஆமாத்தா."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்தாள். காய்ந்த பக்கமாக நடந்து போய், ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். அம்மாவின் பெயர் இருந்த இடத்தை விரலால் ஒரு தரம் தடவினாள்.

"வெள்ளத்தாயி," என்று கூப்பிட்டாள் கருத்தம்மா. அதுவரை வாசலிலேயே நின்றவள் முதல் தடவையாக வராந்தாவுக்குள் கால் வைத்தாள். "வேண்டாம்த்தா. வீட்டுக்கு வா, பேசிக்கிடலாம்."

"நீ சும்மா இரும்மா. நீ சும்மா இருந்தது போதும்."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஐயாதுரைதான், சொன்னபடி வந்துவிட்டான். வெள்ளத்தாய் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளைக் கையில் பிடித்தபடி செயலாளரின் அறைக்குள் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

உக்கிரபாண்டி கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. புதுத் தாள் ஒன்றைச் சுருட்டி ஏற்றுகிற சத்தம் மட்டும் வந்தது; ஆபீஸ் டைப்ரைட்டரை மகளின் விரல்கள், முதலில் தயங்கி, பிறகு வேகமாக, தட்ட ஆரம்பித்தன.